வாய் மிச்சம்

ஸ்டூடியோவில் அவளை எல்லாரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அப்படித்தான். வாசலில் இருக்கிற வாட்ச்மேனிலிருந்து உள்ளே இருக்கிற டைரக்டர் வரை, அவளைவிட மூத்தவர்களும்கூட, "சித்தி வந்தாச்சா, சித்திக்கு ஒரு டீ சொல்லு" என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பொம்மைப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. படத்தில் வரும் இளவரசிக்கும் தேவதைக்கும் பேச ஆள் வரிசையில் நிற்கும். கொடுமைக்காரச் சித்திக்குத்தான் ஆள் கிடைக்காது. அந்த இடத்தை இவள் எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டாள் என்று சொல்வது கொஞ்சம் மரியாதைக்காக. உண்மையில் அவளும் இளவரசிக்கு ஆசைப்பட்டுத்தான் போனாள். அவள் குரலில் லேசாக ஒரு கரகரப்பு உண்டு, ஜலதோஷம் பிடித்துப் பாதி தேறியது போல. டைரக்டர் இரண்டு வரி பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நீ கூப்பிட்டா இளவரசன் திரும்பிப் பார்க்காம ஓடிடுவான்மா, சித்திக்குப் பேசு" என்றார். அன்று வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். பிறகு பார்த்தால் நல்லவள் பாதிப் படம் அழுகிறாள், மீதிப் படம் பாடுகிறாள். வசனமெல்லாம் கெட்டவளுக்குத்தான். போகப்போக அவளுக்கு அது பிடித்தும் போயிற்று.

இந்தத் தொழிலில் குரல் பாதி, வாய் பாதி. திரையில் இருக்கும் பொம்மை எந்த மொழியில் பேசியிருந்தாலும் சரி, அதன் வாய் எங்கே மூடுகிறதோ அங்கே தமிழும் மூட வேண்டும். 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாமல் சொல்ல வராது. 'சித்தி' என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. வசனம் நீளமாக இருந்து பொம்மை முன்பே வாயை மூடிக்கொண்டால் "வாய் பத்தலை" என்பார்கள். வசனம் முடிந்த பிறகும் பொம்மை வாயை ஆட்டிக்கொண்டே இருந்தால் "வாய் மிச்சம்" என்பார்கள். மிச்ச வாயை எதையாவது சொல்லி நிரப்பியாக வேண்டும். ஒரு "ஹும்", ஒரு "நல்லா இருக்குடி நியாயம்", ஏதாவது. அப்படி இட்டு நிரப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எழுதிக் கொடுத்ததைவிட இவள் சேர்த்துப் பேசுவதற்குத்தான் சிரிப்பு வரும்.

நாள் முழுக்க உதடுகளையே உற்றுப் பார்த்ததில் கண் கெட்டது. கண் கெட்டதால் கண்ணாடிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் மனைவியை இழந்தவர், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணுக்கு அப்பா. எழுத்துப் பலகையைக் காட்டி "கடைசி வரியைப் படிங்க" என்றார். அவள் பழக்கதோஷத்தில் அதைக் கொடுமைக்காரச் சித்தியின் குரலில் படித்தாள். மனிதர் பல நாளாக மறந்திருந்த சிரிப்பைச் சிரித்தார். ஃப்ரேம் தளர்ந்துவிட்டது, மூக்கில் அழுத்துகிறது என்று அவள் மறுபடியும் மறுபடியும் போனாள். அந்த ஃப்ரேமில் ஒரு குறையும் கிடையாது.

கல்யாணச் செய்தியைச் சொன்னதும் ஸ்டூடியோவில் ஒரே கும்மாளம். சித்தி நிஜமாகவே சித்தி ஆகப்போகிறாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

வீடு கடைக்கு மேலே. இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவில் போகிற பஸ்ஸெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போவது போல ஒரு சத்தம். கீழே லென்ஸ் தேய்க்கிற சக்கரம் ஓடினால் மேலே தரை குறுகுறுக்கும். சுவரில் இறந்துபோன அம்மாவின் படம். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் பொடிசு வீட்டுப்பாடம் எழுதும். பொடிசு என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். வயதுக்கு உயரம் குறைவு, வாய்க்குக் குறைவில்லை என்று அப்பா சொல்வார். ஆனால் இவள் வந்ததிலிருந்து அந்த வாய் அளந்துதான் பேசியது.

முரட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், கொடுத்ததைச் சாப்பிடும், "நீங்க, வாங்க" என்று மரியாதையாகப் பேசும். இவளைக் கூப்பிட மட்டும் கூப்பிடாது. ஏதாவது வேண்டுமென்றால் சமையலறை வாசலில் வந்து நிற்கும். இவளாகத் திரும்பிப் பார்க்கிற வரை நிற்கும். தமிழில் ஒருவரைக் கூப்பிடாமலே குடித்தனம் நடத்திவிடலாம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "இந்தாங்க", "அப்பா வரச் சொன்னாங்க", "பால் பொங்குது". அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று அவள் ஆசைப்படவே இல்லை. அந்தப் பெயருக்கு உரியவள் சுவரில் இருக்கிறாள். சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். ஊரே கூப்பிடுகிறது, வாட்ச்மேன் கூப்பிடுகிறார், இந்த ஒன்று கூப்பிட்டால் என்ன? பொடிசு பேச வாயெடுத்தாலே அவள் கண் தானாக அந்தச் சின்ன உதட்டுக்குப் போய்விடும். வந்தது எப்போதும் "இந்தாங்க"தான்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் புதுத் தொடர் வந்தது. கதை என்னவோ எல்லாருக்கும் தெரிந்ததுதான். தாயில்லாத பெண், கொடுமைக்காரச் சித்தி, அரண்மனை விருந்து, கழன்று விழுந்த ஒற்றைச் செருப்பு. தொடரை எடுத்தவர்கள் அதை வாரத்துக்கு ஒரு விதமாகக் கவிழ்த்துப் போட்டார்கள். ஒரு வாரம் இளவரசனுக்குக் கிட்டப்பார்வை. செருப்பை ஆட்டுக்குட்டியின் காலில் மாட்டிப் பார்த்து, பொருந்துகிறது என்று கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடுவான். ஒரு வாரம் பூசணிக்காய் வண்டியைப் பாதி வழியில் மாடு தின்றுவிடும். ஒரு வாரம் அந்தப் பெண்ணே செருப்பு கடிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, கடிக்காத செருப்பு விற்கக் கடை போட்டுவிடுவாள். இளவரசன் மாறினான், தேவதை மாறினாள், எலிகள்கூடச் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தன. சித்தி மட்டும் வாரா வாரம் அதே சித்தி. மாறாதது அது ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். இன்னொன்றும் மாறவில்லை என்பதை ஒரு சின்னப் பெண் சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டாள்.

தொடருக்குக் குரல் கொடுக்கத் தொடங்கிய சமயத்தில் வீட்டில் ஒரு சின்னச் சம்பவம். பொடிசு குடத்திலிருந்து தண்ணீர் சாய்க்கும்போது குடம் நழுவி, அப்போதுதான் மடித்து வைத்த துணிமணி அத்தனையும் நனைந்தது. அவள் அலுத்துச் சலித்து வந்து உட்கார்ந்த நேரம். "உன்னைச் சொல்லிக் குத்தமில்லை, எல்லாம் என் நேரம்" என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். கோபம் இல்லை. எல்லா வீட்டிலும், பால் பொங்கி வழிந்தாலும் பஸ் போய்விட்டாலும் சொல்கிற வார்த்தைதான். பெரியவர்கள் அலுப்பில் சொல்வது சின்னக் காதில் எப்படி விழும் என்று யார் ஒத்திகை பார்க்கிறார்கள்? பொடிசு ஈரத் துணிகளை எடுத்துக் கொடியில் போட்டது.

மறுநாள் ஸ்டூடியோவில் அதே மாதிரி ஒரு காட்சி. அந்தப் பெண் வாளியைக் கவிழ்த்துவிடுகிறாள், சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டுகிறாள். எழுதிக் கொடுத்திருந்தது "துடைடி" என்று ஒரே ஒரு சொல். பொம்மையோ அதற்கப்புறமும் வாயை ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது. நல்ல மிச்சம். மூன்று இடத்தில் உதடு வேறு ஒட்டியது. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறிகூட இல்லாத அறை, வேர்த்துக் கொட்டியது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று மைக் முன்னால் நின்ற அவள் வாயில் தானாக வந்தது.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்லை, எல்லாம் என் நேரம்!"

'குத்தமில்லை'யில் ஒரு தடவை, 'எல்லாம்' என்பதில் ஒரு தடவை, 'நேரம்' என்பதில் ஒரு தடவை. மூன்று இடமும் ஒட்டியது. கதையில் செருப்பு காலுக்குப் பொருந்தியது போல வசனம் வாய்க்குப் பொருந்தியது. பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் மேஜைமேல் தலையை வைத்துச் சிரித்தார். இனி சித்தி கோபப்படுகிற இடமெல்லாம் இதுதான் என்று அங்கேயே முடிவாயிற்று. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று அந்தக் கணம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. இதை நம்புவது கஷ்டம்தான். ஆனால் வாயால் பிழைப்பவர்களுக்கு வீட்டுப் பேச்சும் வேலைப் பேச்சும் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கும்.

முதல் வாரம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை, பொடிசின் முகத்தைத்தான் பார்த்தாள். இந்த இடத்தில் பிள்ளை சிரிக்கப்போகிறது, சிரித்தால் பாதிச் சுவர் இடிந்த மாதிரி என்று ஒரு கணக்கு. திரையில் வாளி கவிழ்ந்தது. வசனம் வந்தது. கண்ணாடிக்கடைக்காரர்தான் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இது நம்ம வீட்டு வசனமாச்சே!" என்றார்.

பொடிசு திரையைப் பார்த்தது. பிறகு இவளைப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்கு நனைந்த துணிகள் நினைவுக்கு வந்தன. விளம்பரம் ஓட ஆரம்பித்தது. பொடிசு எழுந்து போய் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டது.

அந்த வசனம் ஊரெல்லாம் பரவியது. பஸ்ஸில் சில்லறை இல்லை என்றால் கண்டக்டர் சொன்னார். செல்போனில் மணிக்குப் பதிலாக அடித்தது. அந்தக் குரல் தன் மனைவியுடையது என்று கண்ணாடிக்கடைக்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பொடிசின் வகுப்பில் படித்தார்கள். அதன் பிறகு பொடிசின் கையிலிருந்து பென்சில் விழுந்தால்கூட வகுப்பே ஒரு குரலாகச் சொன்னது. வீட்டில் உன்னைத்தான் வாளி தூக்கச் சொல்வார்களா, அடுப்பங்கரையில்தான் படுப்பாயா என்று ஒரு பெண் கேட்டாளாம். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டாள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பாள். இதில் ஒரு வார்த்தையைக்கூட பொடிசு வீட்டில் சொல்லவில்லை. ஆனால் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தது, படத்துக்குக் கீழே உட்கார்ந்து, கண் கொட்டாமல். தன் குரலைக் கேட்டு வெறுப்பதற்காகத்தான் பார்க்கிறது என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னது பெரியம்மா, இறந்துபோனவளுடைய அக்கா. பக்கத்து ஊரில் இருக்கிறார், மாதம் ஒரு முறை தங்கை மகளைப் பார்க்க வருவார். கணவர் கீழே கடையில் இருந்த நேரமாகப் பார்த்து, அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான் உன்னைக் குத்தம் சொல்ல வரலைம்மா. நீ பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கலை, எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா அது எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. 'நான் இருக்கறதாலதான் அவங்களுக்கு நேரம் சரியில்லையா'ன்னு கேட்டுச்சு. நான் என்ன பதில் சொல்ல, நீயே சொல்லு."

பொடிசு தன்னோடு வந்துவிடுகிறேன் என்று கேட்கிறது, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கேயே சேர்த்து ஒரு வருஷம் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் பெரியம்மா. அந்தப் "பிறகு பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும். ஒரு வருஷம் இரண்டாகும், இரண்டு பழகிப்போகும்.

கணவர் எதையும் நேருக்கு நேர் பார்க்கிற ஆள் இல்லை. சங்கடம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றும் துடைத்தார். பிள்ளை ஆசைப்பட்டால் போய் இருந்துவிட்டு வரட்டுமே என்றார். ஆசையாம். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? வசனம் அவளுடையது.

பொடிசிடம் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். அது வெறும் பேச்சு, உன்னைச் சொன்னதில்லை, எல்லாரும் சொல்வதுதான் என்றாள். பொடிசு கேட்டுக்கொண்டு "சரி" என்றது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். சரி என்பதை என்ன செய்வது?

டைரக்டரிடம் போய் இனிமேல் அந்த வசனம் வேண்டாம் என்றாள். சேனல்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள் என்றார் அவர். "நீ சொல்லலைன்னா வேற ஒருத்தியை வெச்சுச் சொல்ல வைப்பாங்க. உன் வீட்டுப் பேச்சை இன்னொருத்தி பேசறதைக் கேட்டுக்கிட்டு இருப்பியா?" என்று கேட்டார். வேலையை உதறிவிட்டு வெளியே வந்தாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அவள் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மைக் முன்னால் போய் நின்று, சொல்லச் சொன்ன இடத்திலெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் உடம்பு கூசியது.

பெரியம்மா அழைத்துப் போக வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், அவளும் பொடிசும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சக்கரம் ஓடியது, தரை குறுகுறுத்தது. பொடிசு ஒரு சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தது. பிறகு, அதுவாகவே, அவளைப் பார்த்துப் பேசியது.

"டிவியில வர்றதை நீங்க முன்னாடியே பார்த்துடுவீங்கல்ல?"

ஆமாம் என்றாள்.

"கடைசி வாரத்துலயாவது அவங்க அம்மா பொழைச்சுடுவாங்களா?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பொடிசு பொறுமையாக விளக்கியது. ஒவ்வொரு வாரமும் எல்லாத்தையும் மாற்றுகிறார்கள். செருப்பை மாற்றுகிறார்கள், இளவரசனை மாற்றுகிறார்கள், எலிக்குக்கூடப் புதுசாக ஏதோ செய்கிறார்கள். ஆரம்பத்தில் அம்மா செத்துப்போவதை மட்டும் மாற்றவே இல்லை. அதையும் என்றைக்காவது ஒரு வாரம் மாற்றுவார்கள் என்றுதான் விடாமல் பார்க்கிறேன் என்றது.

இத்தனை வாரமாக இந்தப் பிள்ளை தன்னை வெறுக்க உட்கார்ந்திருக்கிறது என்றல்லவா நினைத்தாள். பிள்ளையின் கவனத்தில் அவள் இல்லவே இல்லை. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கடைசி வாரம் வரைக்கும் படத்தைப் பார்த்தாயிற்று, பேசுவதுதான் பாக்கி. அம்மா பிழைக்கவில்லை.

"இல்லைம்மா, மாத்தலை" என்றாள். பொடிசு தலையை ஆட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தது.

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"ஒரு வீட்ல ஒரு பொண்ணு இருந்தா" என்று ஆரம்பித்தாள். ஸ்டூடியோக் குரல் எதுவும் இல்லை, அவளுடைய சொந்தக் கரகரப்புத்தான். "அவளுக்கு அம்மா இருந்தாங்க."

பொடிசு நிமிர்ந்து பார்த்தது. "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு. மருந்து சாப்பிட்டாங்க, நல்லாத் தூங்கினாங்க, காலையில போயிடுச்சு."

"அப்புறம்?"

"அரண்மனையில விருந்து. அம்மாவும் பொண்ணும் சேர்ந்தே போனாங்க. வளர்ற காலாச்சேன்னு அம்மா ஒரு அளவு பெரிய செருப்பாத்தான் வாங்கியிருந்தாங்க. ஆனா கெளம்பும்போது குனிஞ்சு வாரை இறுக்கிப் போட்டு விட்டாங்க. அதனால அது கழண்டு விழவே இல்லை."

"விழலைன்னா இளவரசன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"எதுக்குக் கண்டுபிடிக்கணும்? அந்தப் பொண்ணு தொலையவே இல்லையே. நல்லா சாப்பிட்டுட்டு, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா."

பொடிசு அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தது. பிறகு கேட்டது.

"சித்தி?"

கதையில் வருபவளைத்தான் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

"இந்தக் கதையில அவ வரமாட்டா."

"அப்ப எங்க இருப்பாங்க?"

"எங்கேயாவது ஒரு ஸ்டூடியோவுல பேசிக்கிட்டு இருப்பா. இப்படி ஒரு பொண்ணு இருக்கான்னே அவளுக்குத் தெரியாது."

"அவங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"தெரியாதே. தெரிஞ்சாத்தானே கஷ்டம்."

சொல்லிவிட்டு அவள் பெட்டிக்குள் இருந்ததை எடுத்து வெளியே வைத்து, மறுபடி உள்ளே வைத்தாள். பொடிசு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் இனிமேல் முடியாது என்று தோன்றியது அவளுக்கு. தண்ணீர் கொட்டிய அன்றைக்குப் பேசியதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். உன்னால் என் நேரம் கெட்டது என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் மிச்சம் இருந்தது, எதையோ போட்டு நிரப்பிவிட்டேன் என்றாள். வாய் மிச்சம் என்றால் என்ன என்று பொடிசு கேட்டது. பொம்மை, வசனம், உதடு எல்லாம் சொல்லிப் புரியவைத்தாள்.

"வீட்லகூட வாய் மிச்சம் இருக்குமா?"

"வீட்லதான் நிறைய இருக்கும்" என்றாள். "நான்தான் பார்த்துப் பேசியிருக்கணும். தப்பு என்மேலதான்."

பொடிசு "சரி" என்றது. முந்தைய சரி மாதிரி இல்லையோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ஆனால் பெட்டி பூட்டப்பட்டது. அதில் எந்த மாற்றமும் இல்லை.

மறுநாள் பஸ் நிலையம். குளிர்சாதன பஸ், ஜன்னலெல்லாம் திறக்க முடியாத ஒரே கண்ணாடி. பெரியம்மா ஓர இருக்கையில், பொடிசு ஜன்னல் பக்கம். கணவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கியதும் தன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கதவு மூடியது. பஸ் பின்னால் எடுக்கும்போதுதான் அவள் தன் தோளைப் பார்த்தாள். பொடிசின் தண்ணீர் பாட்டில் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் குடிக்க வேண்டும் என்று அவளே கொதிக்கவைத்து ஆறவைத்து நிரப்பியது. ஜன்னலுக்கு நேராக ஓடிப்போய்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். காட்டி என்ன செய்ய? கண்ணாடிக்குள் எப்படிக் கொடுப்பது? தூக்கிய கையை இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். மூடி சரியாகத் திருகாமல் இருந்திருக்கிறது, தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

பொடிசு அதைப் பார்த்தது. அதன் முகத்தில் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து ஏதோ சொன்னது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அவளுக்குச் சத்தம் தேவையும் இல்லை. முதல் சொல்லில் உதடு ஒட்டவில்லை. பல் தெரிந்து, மறுபடியும் பல் தெரிந்து, அவ்வளவுதான். பிறகு நீளமாக ஒன்று, மூன்று இடத்தில் உதடு ஒட்டியது. அவள் பேசிப் பேசித் தேய்ந்த வசனம். ஆனால் ஆரம்பத்தில் ஒரு அசை கூடுதலாக இருந்தது. உன்னைச் சொல்லி என்று இல்லை, உங்களைச் சொல்லி என்று இருந்தது.

சித்தி, உங்களைச் சொல்லிக் குத்தமில்லை, எல்லாம் என் நேரம்.

பஸ் திரும்பிப் போய்விட்டது. என்ன சொன்னாள் என்று கணவர் கேட்டார். எந்த வாயிலும் எதை வேண்டுமானாலும் பொருத்திவிடுகிற தொழில் அவளுடையது. ஆசைப்பட்டதைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டோமோ என்று பயந்தாள். அதற்குள் செல்போன் அடித்தது. பெரியம்மா.

"பாட்டில் கிடக்கட்டும், நான் வழியில வாங்கிக்கிறேன்" என்றார். "நீ அங்க என்னதான் செஞ்சே? சித்தி மேலெல்லாம் தண்ணியைக் கொட்டிக்கிட்டாங்கன்னு இவ சிரிச்சுக்கிட்டே வர்றா. இப்பப் பார்த்தா அழறா."

அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பொடிசு போய்விட்டது என்பதும் நிஜம், கூப்பிட்டுவிட்டது என்பதும் நிஜம். இரண்டில் எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் ஸ்டூடியோ வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போல, என்ன சித்தி, முகம் வாடியிருக்கு என்றார். அவள் நின்றாள்.

"அண்ணே, இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்க."

இத்தனை வருஷமாக அப்படித்தானே கூப்பிடுகிறோம் என்றார் அவர்.

"இத்தனை வருஷம் கூப்பிட வேண்டியவங்க கூப்பிடாம, பேரு சும்மா கிடந்துச்சு. இப்ப ஆள் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கும் சித்திக்குக் கோபம் வருகிற காட்சிதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வசனத்தைச் சொன்னாள், மூன்று இடமும் சரியாக ஒட்டியது. அதற்குப் பிறகும் பொம்மை கொஞ்ச நேரம் வாயை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் எதையும் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் பொத்தானை அமுக்கி, வாய் மிச்சம் இருக்கே என்றார்.

இருக்கட்டும் என்றாள்.